பிரிஃபரன்ஸில் வகை தங்காது

ஒரகடம் உதிரிபாக ஆலை ஒன்றில் ஏ ஷிப்ட் ஆள் பாதியில் விட்ட சரிபார்ப்புப் பட்டியலை, பி ஷிப்ட் ஆள் அதே ஆண்ட்ராய்டு ஸ்கேனரில் தொடர வேண்டும். நாம் வழக்கமாகச் செய்வது: ஆப்ஜெக்ட்டை ஜீசன் நூலகம் கொண்டு ஜேசன் சரமாக்கி, ஷேர்டு பிரிஃபரன்சஸில் ஒரு சாவியின் கீழ் போட்டுவிடுவது. இரண்டே வரி. ஆப்பின் அடுத்த பதிப்பு வரும்வரை குறையொன்றும் தெரியாது.

கோப்பில் இருப்பது வெறும் எழுத்து. அதற்கு வகை உண்டு என்பது படிக்கும் நிரலின் நம்பிக்கை. ரிலீஸ் பில்டில் ஆர்8 சுருக்கி புலப் பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்குகிறது. அடுத்த பில்டில் அந்த எழுத்து வேறொரு புலத்துக்குப் போகலாம். பழைய சரத்தை வாசிக்கும் ஜீசன் பெரும்பாலும் முறையிடாது. தெரியாத பெயரைத் தள்ளிவிட்டு, கிடைக்காத புலத்தில் நல் (வெற்று மதிப்பு) வைத்துவிடும், கோட்லினில் நல் வராது என்று அறிவித்த புலமானாலும். ஆப் விழுவது அப்போதல்ல. நள்ளிரவில் யாரோ அந்தத் திரையைத் தொடும்போது.

எண்களிலும் இதே கதைதான். பேலட் லேபிளின் எஸ்எஸ்சிசி 18 இலக்கம். வகை சொல்லாமல் மேப்பாக வாசித்தால் ஜீசன் எண்ணை டபுளாக்கும். 15 இலக்கம் தாண்டினால் கடைசி இலக்கங்களுக்கு உத்தரவாதம் இல்லை. முன்னால் பூஜ்யம் இருந்தால் எண்ணாக வைத்ததுமே அது காணாமல் போகும். கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, சரமாகவே வையுங்கள்.

முன்பு சேமிப்பு இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடியது 2006 முதல் 2014 வரை. அக்காலத்து ஜாவா போன்களின் ஆர்எம்எஸ் சேமிப்பு பைட் வரிசையை மட்டுமே ஏற்கும். எந்தப் புலம் முதலில், எது பிறகு என்று நாமே எழுதி, அதே வரிசையில் நாமே படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் புதுப் புலம் சேர்க்கும்போது, பழைய பதிவை என்ன செய்வது என்று யோசிக்காமல் அங்கே ஓரடி நகர முடியாது. ஜேசன் வந்து அந்த யோசனையைக் கைவிட வைத்துவிட்டது.

சேமிப்புக்கென்று தனி டேட்டா கிளாஸ் வைத்து, அதன் ஒவ்வொரு புலத்துக்கும் சீரியலைஸ்டுநேம் எழுதுங்கள். உள்ளே ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும். படிக்க முடியாத சரத்தை அழிக்காமல் வேறு சாவிக்கு நகர்த்துங்கள். புதிதாகத் தொடங்குவோர் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனைப் பார்க்கலாம்: கட்டாயப் புலம் இல்லையென்றால் வாசிக்கும் இடத்திலேயே பிழை எறியும். ஷிப்டின் முழு ஸ்கேன் பதிவையும் பிரிஃபரன்ஸில் திணிப்போருக்கு ஒரு வார்த்தை: ஒரு சாவி மாறினாலும் முழு எக்ஸ்எம்எல் கோப்பும் மறுபடி எழுதப்படுகிறது. அது ரூம் தரவுத்தளத்தின் வேலை.

வெளியீட்டுக்கு முன் பழைய ஏபிகேயை நிறுவி, பாதிப் பட்டியலைச் சேமித்து, அதன் மேலேயே புதியதைப் போட்டுத் திறந்து பாருங்கள். டீபக் பில்டில் அல்ல, ரிலீஸ் பில்டில்.