பொம்மைக்குமா தீண்டாமை?

நம் நாட்டில் தீண்டாமை என்பது கோயிலிலும் குளத்திலும் கிணற்றிலும் ஓட்டலிலும் சுடுகாட்டிலும் இருந்து வந்த சங்கதி யாவரும் அறிந்ததே. இப்போது அது இன்னோர் இடத்திலும் குடியேறி இருக்கிறது. உயிரில்லாத, தொட முடியாத, மின்சாரத்தை நிறுத்தினால் மறைந்து போகிற திரைப் பொம்மைகளுக்குள்ளேயே தீட்டுள்ள பொம்மை, தீட்டில்லாத பொம்மை என்கிற பிரிவினை ஏற்பட்டு விட்டது. இதை ஏற்படுத்தியவர்கள் புரோகிதர்களோ மடாதிபதிகளோ அல்ல. படித்தவர்கள், நாகரிகமடைந்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகிற வீடியோ கேம் வாலிபர்களில் ஒரு கூட்டத்தாரே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

விஷயம் அறியாத கிராமத் தோழர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. வீடியோ கேம் என்றால் பொழுது போகாத பையன்கள் துப்பாக்கி சுடுகிற விளையாட்டு என்றே பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இன்றைய பெரிய ஆட்டங்கள் அப்படிப்பட்டவை மாத்திரமல்ல. அவை விடிய விடிய நடக்கும் நாடகம் போன்றவை. ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தின் வேஷத்தைத் தானே எடுத்துக் கொண்டு, இருபது முப்பது மணி நேரம் அதன் காலால் நடந்து, அதன் கையால் சண்டையிட்டு, அதன் துக்கத்தையும் காதலையும் தன்னுடையதாகக் கொள்ளுகிறான். இத்தகைய ஆட்டங்கள் சிலவற்றில் பெண்ணைக் காதலிக்கிற பெண்ணும், ஆணைக் காதலிக்கிற ஆணும், திருநங்கையரும், திருநம்பியரும் பாத்திரங்களாக வருகிறார்கள். வந்தவுடனே "விளையாட்டு கெட்டது, உலகம் கெட்டது" என்கிற கூப்பாடு கிளம்புகிறது.

இந்தக் கூப்பாட்டின் யோக்கியதையைப் பார்ப்போம். "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் 2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி வெளிவந்தது. அதன் நாயகி எல்லி என்பவள் ஒரு பெண்ணைக் காதலிக்கிறவள். ஆட்டத்தை ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் வெளிவந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே, மதிப்பெண் திரட்டுகிற "மெட்டாக்ரிட்டிக்" என்னும் ஸ்தாபனத்தில் ஆயிரக்கணக்கான பேர் பூஜ்யம் போட்டுக் குவித்தார்கள். முதற்பாகத்தின் நாயகன் கொல்லப்பட்டது பொறுக்காமல் குறை சொன்னவர்களும் அவர்களில் உண்டு. கதை பிடிக்கவில்லை என்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் மற்றவர்கள் செய்தது என்ன? அந்த ஆட்டத்தில் ஆபி என்று, வலுத்த தோளும் திரண்ட புஜமும் கொண்ட ஒரு பெண் வருகிறாள். ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, கசிந்த சில துண்டுகளை வைத்துக் கொண்டு, "இவள் திருநங்கை" என்று வதந்தி கட்டி வசை பாடினார்கள். ஆட்டம் வந்த பிறகு பார்த்தால் ஆபி திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிற லெவ் என்கிற சிறுவன் வேறொரு பாத்திரமாக இருந்தான். வதந்தி பொய்த்தது என்பதற்காக வசை நின்றதா? நிற்கவில்லை. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. பொம்மை செய்த கொலைக்கு மனுஷியைக் கொல்லுவேன் என்பவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கடைசியாக மெட்டாக்ரிட்டிக்காரர்கள், ஆட்டம் வெளிவந்து 36 மணி நேரம் ஆனபின்தான் ஆடுகிறவர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி செய்தார்கள். சாப்பிடாமலே சாப்பாட்டைக் குறை சொல்லுகிறவனுக்காக ஓட்டல்காரன் போர்டு எழுதித் தொங்கவிட்ட கதைதான் இது.

இதுவாவது நாயகியின் சங்கதி. 2023 ஏப்ரலில் "ஹொரைசன்" என்னும் ஆட்டத்துக்கு "பர்னிங் ஷோர்ஸ்" என்று ஒரு தொடர்ச்சி வந்தது. அதன் முடிவில் நாயகி ஏலோய், தன் தோழிக்கு முத்தம் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அது ஆடுகிறவனே தேர்ந்து கொள்ள வேண்டியது. வேண்டாம் என்று பொத்தானை அமுக்கினால் முத்தம் இல்லை. அப்படியிருந்தும் பூஜ்யம் பொழிந்தது. "நான் கொடுக்க மாட்டேன்" என்பது அவனவன் இஷ்டம். "எவனும் கொடுக்கக் கூடாது, கொடுக்க வழியே இருக்கக் கூடாது" என்பது எந்த நியாயம்? 2022 ஆகஸ்டில் ஒருவர், ஸ்பைடர் மேன் ஆட்டத்தில் நகரத்துக் கட்டடங்களில் தொங்கிய வானவில் கொடிகளை எல்லாம் நீக்கி, வேறு கொடியை மாட்டும் ஒட்டு வேலையைச் செய்து ஊருக்கு விநியோகித்தார். அத்தகைய ஒட்டு வேலைகளை வெளியிடும் பெரிய ஸ்தாபனங்கள் அதை எடுத்தெறிந்தன. சிலந்தி கடித்தவன் நூலில் தொங்கி மாடிக்கு மாடி தாவுவதை நம்பலாமாம். அந்த மாடியில் ஒரு முழத் துணி தொங்குவது மட்டும் இயற்கைக்கு விரோதமாம்.

நிற்க, இவர்கள் சொல்லும் ஆக்ஷேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளுவோம்.

முதலாவது, "எங்கே பார்த்தாலும் இவர்களையே திணிக்கிறார்கள்" என்பது. அமெரிக்காவில் கிளாட் என்னும் ஸ்தாபனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் ஆடுகிறவர்களில் 100-க்கு 17 பேர் இவ்வகுப்பினர். கடைகளில் உள்ள ஆட்டங்களில் இவர்களைப் பற்றியவை 100-க்கு 2 கூட இல்லை. 17 பேர் உட்கார்ந்திருக்கிற பந்தியில் 2 இலை போட்டதற்கே "எல்லா இலையும் அவர்களுக்கா?" என்று கத்துவது பசியினால் அல்ல, பொறாமையினால் என்பதைத் தவிர வேறென்ன சொல்லலாம்? அன்றியும் இது நேற்று முளைத்ததுமல்ல. 2000-ம் வருஷத்தில் வந்த "தி சிம்ஸ்" என்னும் குடும்ப ஆட்டத்திலேயே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்க வழி இருந்தது. அந்த ஆட்டம் உலகெங்கும் விற்றது. எந்தக் குடும்பமும் அதனால் இடிந்து விழவில்லை.

இரண்டாவது, "இவர்களைச் சேர்த்தால் ஆட்டம் விற்காது" என்பது. இதற்கு அத்தாட்சியாக 2024 அக்டோபரில் வந்த "டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்" என்னும் ஆட்டத்தைக் காட்டுகிறார்கள். அதில் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்று தன்னைச் சொல்லிக் கொள்ளும் டாஷ் என்ற பாத்திரம் உண்டு. முதலாளிகள் எதிர்பார்த்ததில் பாதி அளவுக்குத்தான் ஆட்கள் ஆடினார்கள் என்பதும் உண்மையே. ஆனால் 2023 ஆகஸ்டில் வந்த "பால்டர்ஸ் கேட்" மூன்றாம் ஆட்டத்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அதில் கூட வரும் தோழர்களில் காதலுக்கு உரியவர்கள், ஆடுகிறவர் ஆணாயினும் பெண்ணாயினும் காதலிக்கிறார்கள். அது அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டம் என்று பரிசும் பெற்று, விற்பனையிலும் கொடிகட்டிப் பறந்தது. ஒரே சரக்கைப் போட்ட இரண்டு குழம்பில் ஒன்று ருசித்து ஒன்று ருசிக்கவில்லையானால், குற்றம் சரக்கிலா, சமைத்த கையிலா? டாஷின் வசனம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது என்று, அப்பாத்திரம் இருக்க வேண்டுமென்று விரும்புகிறவர்களிலும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது விமரிசனம். பாத்திரம் இருப்பதே குற்றம் என்பது விமரிசனமாகாது.

மூன்றாவது ஆக்ஷேபணைதான் மிகவும் நயவஞ்சகமானது. "அவர்கள் இருந்து விட்டுப் போகட்டும், எங்களுக்கு வெறுப்பில்லை. ஆனால் ஓர் ஓரத்தில் இருக்கட்டும். நாயகனாக, நாயகியாக எங்கள் கண்முன் ஏன் வந்து நிற்க வேண்டும்?" என்கிறார்கள். இந்த வார்த்தையை உலகத்தில் வேறு யார் ஏமாந்து கேட்டுக் கொண்டாலும், நெய்யூர்க்காரர்களாகிய நாம் கேட்டுக் கொள்ள முடியாது. ஏனெனில் இதை நம் பாட்டிமார் கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஊர் அடங்கிய தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் வகுப்புப் பெண்களும், மற்றும் தாழ்த்தப்பட்ட பெண்களும் மேல்ஜாதியார் முன் மார்பை மூடக்கூடாது என்றிருந்தது. மூடிய பெண்களின் சேலை சந்தையிலும் தெருவிலும் கிழிக்கப்பட்டது. 1822 முதல் 1859 வரை மூன்று தடவை கலகம் மூண்டது. ஜெபக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. 1828 முதல் மிஷன் கேந்திரமாயிருந்த இந்த நெய்யூரின் சுற்றுப்புறமெல்லாம் அந்தப் போராட்டத்தை அறிந்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ந் தேதி மகாராஜா விளம்பரம் பிறப்பித்தார். என்னவென்று? சாணார் பெண்கள் மார்பை மூடிக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது என்று! துணி இருக்கலாம், ஆனால் எங்கள் துணி மாதிரி இருக்கக் கூடாது. நீ மனுஷியாக இருக்கலாம், ஆனால் எங்கள் மாதிரி மனுஷியாகக் காணப்படக் கூடாது. இதற்கும், "அவர்கள் ஆட்டத்தில் இருக்கலாம், ஆனால் நாயகியாக இருக்கக் கூடாது" என்பதற்கும் வித்தியாசம் என்ன என்று நாம் கேட்கின்றோம். கண்ணை உறுத்துகிறது என்று அன்று சொன்னவனின் கண்ணில் நோய் இருந்ததே தவிர, பெண்ணின் தோளில் கிடந்த சீலையில் நோய் இல்லை. தோள்சீலைக்காக அடிபட்டவர்களின் பேரனும் பேத்தியும் இன்று கையில் டெலிபோனை வைத்துக் கொண்டு, அடித்தவர்களின் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லுவது மானக்கேடல்லவா?

நான்காவதாக, "இது தமிழர் பண்பாட்டுக்கு விரோதம், மேல்நாட்டுச் சரக்கு" என்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் பேடாடல் ஒன்று. அது எந்த மேல்நாட்டுக் கப்பலில் வந்து இறங்கியது? பாரதத்தில் அர்ச்சுனன் ஒரு வருஷம் பிருகன்னளையாக இருந்து அரண்மனைப் பெண்ணுக்கு நாட்டியம் கற்றுக் கொடுத்தான். அரிக்கும் அரனுக்கும் பிறந்தவன் என்று சொல்லி மாலை போட்டு மலையேறுகிறவர்கள், திரையில் இரண்டு பெண்கள் கைகோத்தால் பண்பாடு போயிற்று என்பது என்ன நாணயம்? இதனால் நாம் புராணத்தை ஆதாரமாக ஒப்புக் கொண்டதாக யாரும் கருத வேண்டியதில்லை. புராணத்தை ஒப்புக் கொள்ளுகிறவர்களின் வாயை அவர்கள் புராணத்தைக் கொண்டே மூடுகிறோம், அவ்வளவுதான்.

வேஷம் போடுவதிலாவது தமிழனுக்குக் கூச்சம் உண்டா? நம் கூத்துகளிலும் பழைய நாடகக் கம்பெனிகளிலும் ஸ்திரீ பார்ட்டை ஆண்களே போட்டார்கள். மீசை மழித்த சந்திரமதி மகனைப் பறிகொடுத்து அழுதபோது ஜனங்களும் அழுதார்கள். 1935-ல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்கிற பெண்மணி. அவரும் பெண்மை கெட்டுப் போகவில்லை, பார்த்தவர்களும் கெட்டுப் போகவில்லை. பிறருடைய வேஷத்தில் நின்று பிறருடைய நெஞ்சை அறிவதே நாடகத்தின் பயன். வீடியோ கேமின் பயனும் அதுவே.

மேலும் நம்மவர் சந்தோஷப்பட்ட ஒரு சங்கதியையும் சொல்லுவோம். 2023 ஜூலையில் கனடாவில் உள்ள விசை என்னும் சிறு கம்பெனி "வெண்பா" என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயார் கொடுத்த கிழிந்த சமையல் புஸ்தகத்தை வைத்துக் கொண்டு இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2024-ல் அதற்கு லண்டனில் பாஃப்டா பரிசும் கிடைத்தது. சேலை கட்டிய ஒரு தமிழ்த் தாயை உலகம் முழுவதும் உள்ளவர்கள் ஆடிப் பார்த்தார்கள் என்று கேட்டுத் தமிழ் வாலிபர்கள் எவ்வளவு பூரித்தார்கள்! "எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் அம்மா" என்றார்கள். அந்தப் பூரிப்பு நியாயமானதே. அப்போது எந்த வெள்ளைக்காரனாவது "இட்லியை ஏன் எங்கள் ஆட்டத்தில் திணிக்கிறாய்?" என்று பூஜ்யம் போட்டிருந்தால் நமக்கு ரத்தம் கொதித்திருக்காதா? தன்னைத் திரையில் கண்டு மகிழ்கிற உரிமை நமக்கு மட்டும் உண்டு, இன்னொருவனுக்கு இல்லை என்பதற்குப் பெயர் என்ன?

இவ்வளவும் சொல்லுவதால் கம்பெனி முதலாளிகளைப் பரோபகாரிகள் என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். "ஓவர்வாட்ச்" ஆட்டத்தின் டிரேசர் என்னும் வீராங்கனை ஒரு பெண்ணைக் காதலிப்பவள் என்று 2016 டிசம்பரில் ஒரு சித்திரக் கதை மூலம் அதன் கம்பெனி அறிவித்தது. அதே கதையை அந்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ருஷியாவில் மட்டும் வெளியிடாமல் நிறுத்திக் கொண்டது. லாபம் வருகிற ஊரில் வானவில், நஷ்டம் வருகிற ஊரில் மூடுதிரை என்பது வியாபாரம். ஆகவே நாம் பேசுவது முதலாளியின் தயவுக்காக அல்ல.

பின் எதற்காக என்றால், நம் தெருவில் இருக்கிற பையனுக்காகவும் பெண்ணுக்காகவுமே ஆகும். நம் ஊர்ப்புறங்களில் நாலு வாலிபர்கள் சேர்ந்து டெலிபோனில் பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் ஆடுகிறபோது, தோற்றவனை என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "பொட்டை" என்றும் "ஒம்போது" என்றும் வாய் கூசாமல் வருகிறது. அந்த நால்வரில் ஒருவன், தன் மனதில் உள்ளதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருப்பவனாக இருக்கலாம். அவனும் சிரித்துக் கொண்டே அந்த வசையைக் கேட்டு, இந்த ஊரில் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்து விடுவான். பொம்மைக்குப் போடுகிற பூஜ்யம் அவனுக்குப் போடுகிற பூஜ்யமே. சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் ஒருபால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு, இவர்களை "மாற்றி விடுகிறோம்" என்கிற போலி வைத்தியத்தைத் தடுக்கச் சொல்லியது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார் இவர்களைக் கௌரவமாகக் குறிக்கும் சொற்களைக் கெஜட்டிலேயே வெளியிட்டது. கோர்ட்டும் கெஜட்டும் அறிந்ததை விளையாடுகிற விரல்கள் இன்னும் அறியவில்லை.

ஆகையால் வாலிபத் தோழர்களே! ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். கதை மோசமானால் மோசம் என்று சொல்லுங்கள், வசனம் செத்திருந்தால் செத்தது என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் ஆடாமல் பூஜ்யம் போடுகிற கூட்டத்தில் சேராதீர்கள். அடுத்த தடவை உங்கள் கூட்டத்தில் எவனாவது "ஒம்போது" என்று வாயெடுத்தால், அவன் எவ்வளவு சூரனாக இருந்தாலும், "அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்" என்று அப்பொழுதே சொல்லுங்கள். ஆட்டத்தில் ஆயிரம் பேரைச் சுட்டு வீழ்த்துகிறவனுக்கு இந்த ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லாவிட்டால், அவன் வீரம் எதற்கு என்று கேட்டு இதை முடிக்கின்றோம்.