கேமரா இல்லாமல் ஒரு படம்

என் மடிக்கணினியில் இருந்த படத்தைப் பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "என்னாம்மா இது, ஆலமரத்து வேரா?" அம்மா எட்டிப் பார்த்து, "மேலேயிருந்து பாத்தா ஆறு ஓடுற மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் மட்டும் "இதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோவின் 'லைட்னிங் ஃபீல்ட்ஸ்' வரிசையில் ஒரு படம் அது. 1948-இல் தோக்கியோவில் பிறந்த அவர், இப்படங்களுக்குக் கேமராவைப் பயன்படுத்தவே இல்லை. இருட்டில் பிலிம் தகட்டின் மேல், 4 லட்சம் வோல்ட் மின்னழுத்தம் உண்டாக்கும் வேன் டி கிராஃப் கருவியால் மின்பொறியைப் பாய்ச்சினார். நிலைமின்சாரம் பட்டால் பிலிம் பாழ் என்று புகைப்படக்காரர்கள் அஞ்சுவார்கள். அவரோ அந்தக் கறையையே படமாக்கினார். இடைநிலைப்பள்ளியில் நாங்கள் பார்த்த அதே கருவிதான். எங்களுக்கு அதில் கைவைத்துத் தலைமுடி சிலிர்ப்பதைக் காட்டினார்கள், அதோடு சரி!

2023-இல் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் தொடங்கிய அவருடைய 'டைம் மெஷின்' கண்காட்சி, பிறகு பெய்ஜிங்கிற்கும் சிட்னிக்கும் சென்றது. நான் பார்த்தது திரையில்தான். 1980 முதல் அவர் எடுத்துவரும் கடல் படங்களில் பாதி வானம், பாதி நீர், வேறொன்றும் இல்லை. நம் எஸ்பிளனேட் கடற்கரையில் நின்று அப்படி எடுக்க முடியாது, எதிரே பட்டர்வொர்த் வந்து நிற்கும்.

ஜோர்ஜ்டவுனில் படம் எடுக்காதவர் யார்? ஆர்மேனியன் சாலையில் 2012-இல் எர்னஸ்ட் சாக்கரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகளின் முன் இன்றும் வரிசை நிற்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடிகளைவிடக் கைப்பேசிகள் அதிகமோ என்று தோன்றும். நானும் எடுத்திருக்கிறேன். மறுநாள் பார்த்தால் என் படமும் என் தோழியின் படமும் ஒன்றுபோலவே இருந்தன. எதைப் படம் எடுத்தோம் என்பதே நமக்கு முக்கியமாகிவிட்டது, எப்படிப் பார்த்தோம் என்பது இல்லை.

அருவக் கலை நமக்குப் புரியாது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாட்டி வாசலில் போடும் புள்ளிக்கோலம் எதன் படம்? அதை யாரும் கேட்பதில்லை.

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் தேர்வு நெருங்கினால் கலைக்கல்வி நேரம் கணிதத்துக்குப் போய்விடும். அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் செய்ய உருப்படியான ஒன்றும் வேண்டும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறைக்குக் கேமரா வேண்டாம். இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசிக் காயவிட வேண்டும். மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், நீலத்தில் வெள்ளை நிழலாக இலை நிற்கும். அறிவியலும் கலையும் ஒரே பாடவேளையில் முடியும். வெயிலுக்கு இங்கே பஞ்சமா?

சென்ற மாதம் வீட்டுப் பின்புறம் முருங்கை இலையை வைத்துச் செய்து பார்த்தேன். முதல் இரண்டு தாள்களில் காற்று இலையை நகர்த்திவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. ஆனால் பாட்டிக்குப் பிடித்தது நகர்ந்துபோன அந்த முதல் தாள்தான். அதைத்தான் சாமி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்.