தேர்ச்சி விழுக்காடும் கணக்கில் வராத மாணவர்களும்

கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் வந்தவுடன் மாவட்டங்களின் தரவரிசை நாளிதழ்களில் வெளியாகும். உச்சியில் பல ஆண்டுகளில் உடுப்பியோ தட்சிண கன்னடமோ இருக்கும். அடியில் யாத்கிரோ கலபுரகியோ இருக்கும். பின்னர் அதே அளவுகோல் மாவட்டத்திற்குள்ளும் இறங்கும். எந்த அரசு உயர்நிலைப் பள்ளி நூறு விழுக்காடு பெற்றது, எது ஐம்பதைத் தொடவில்லை என்று பட்டியலிடுவார்கள். பின்தங்கிய பள்ளியின் தலைமையாசிரியர் விளக்கம் சொல்லியாக வேண்டும். கல்வி குறித்த ஆய்வேடுகளும் பல வேளைகளில் இந்த விழுக்காட்டையே பள்ளியின் தரமாக எடுத்துக்கொள்கின்றன. யாத்கிர் போன்ற ஊரக மாவட்டத்தில் இந்த ஒப்பீடு தவறான பள்ளிக்கு மாலையிடவும் கூடும் என்பதே என் வாதம்.

முதலாவதாக, ‘அரசுப் பள்ளி’ என்ற ஒரே பெயருக்குள் பலவகைப் பள்ளிகள் அடங்கியுள்ளன. ஆதர்ச வித்யாலயம், மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளி ஆகியவை ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைத் தெரிவு செய்கின்றன. சிற்றூர் உயர்நிலைப் பள்ளியோ வாயிலுக்கு வரும் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் தெலுங்கோ உருதோ லம்பாணியோ பேசி, கன்னட வழியில் தேர்வெழுதும் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இவ்விருவகைப் பள்ளிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், கற்பித்தலின் வேறுபாட்டைவிடத் தெரிவின் வேறுபாடே அதிகம் வெளிப்படும்.

இரண்டாவது சிக்கல் ஒரே வகைப் பள்ளிகளுக்குள்ளும் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரு பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள். முதற்பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுவோர் 40 பேர்; தேறியவர் 38 பேர். தேர்ச்சி 95 விழுக்காடு. இரண்டாம் பள்ளியில் எழுதுவோர் 58 பேர். தேறியவர் 46 பேர். தேர்ச்சி 79 விழுக்காடு. பாராட்டு முதற்பள்ளிக்குச் செல்கிறது. ஆனால் சேர்ந்த 60 பேரில் அது கரைசேர்த்தது 38 பேரை. இரண்டாம் பள்ளி கரைசேர்த்தது 46 பேரை. இடைநின்ற 20 பேர் விழுக்காட்டின் பகுதியிலேயே இடம்பெறாததால், அவர்களை இழந்ததற்காக முதற்பள்ளி எந்த மதிப்பெண்ணும் இழக்கவில்லை.

அந்த இருபது பேர் யார்? பருத்தி பறிக்கும் பருவத்தில் வாரக்கணக்கில் வயலில் நிற்கும் சிறுமியர். பெங்களூருவின் கட்டுமானப் பணிக்குச் செல்லும் பெற்றோருடன் ஊர் பெயர்வோர். மணம் பேசப்பட்டுவிட்ட பெண்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பலவீனமான மாணவர் விலகினால் பள்ளியின் விழுக்காடு உயரும். அவரைத் தேடிச் சென்று அழைத்துவந்தால் அது தாழும். கடமையைச் செய்த ஆசிரியரைத் தண்டிக்கும் அளவுகோலை எவ்வாறு தர அளவுகோல் என்பது?

தேர்ச்சி விழுக்காடு தன்னளவிலும் உறுதியானதன்று. 2024-இல் தேர்வறைகளில் இணையவழிக் கேமராக் கண்காணிப்பு வந்தது. முந்தைய ஆண்டு 83.89 ஆக இருந்த மாநிலத் தேர்ச்சி, கருணை மதிப்பெண்களைத் தாராளமாக்கிய பின்னரும் 73.40 ஆகச் சரிந்தது. யாத்கிரில் ஏறத்தாழப் பாதிப்பேரே தேறினர். ஓராண்டில் கற்பித்தல் அவ்வளவு சீரழிந்திருக்க முடியாது. மாறியது பெரும்பாலும் தேர்வு நடத்தப்பட்ட முறை. அப்படியிருக்க, முந்தைய ஆண்டுகளின் வரிசையை வைத்துப் பள்ளிகளைப் பற்றி எழுதிய முடிவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டாமா?

பெற்றோருக்கும் நிர்வாகத்திற்கும் எளிய எண் ஒன்று தேவை என்பர். ஏற்கலாம். எட்டாம் வகுப்பில் சேர்ந்தோரில் எத்தனை பேர் மூன்றாண்டு கழித்துத் தேறினர் என்பதும் எளிய எண்தான். மாநிலத்தின் மாணவர் கண்காணிப்புத் தரவுத்தளம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அடையாள எண் வைத்திருக்கிறது. வேறு பள்ளிக்கு மாறியவரையும் படிப்பை நிறுத்தியவரையும் அதைக் கொண்டு பிரித்தறிய முடியும். அந்த எண்ணின் அருகில், கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். ஆண்டின் நடுவில் வந்து சேரும் தற்காலிக ஆசிரியரை நம்பியிருக்கும் பள்ளியையும் முழு ஆசிரியர் கொண்ட பள்ளியையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது.

ஊரகப் பள்ளிகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேர்ச்சிப் பட்டியலைப் பெறும்போது, மூன்றாண்டுகளுக்கு முந்தைய எட்டாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள். அது கிடைக்காத பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தாதீர்கள்.