மரண அறிவித்தலில் இடம்பெறாத ஒரு வரி

கொழும்புத் தமிழ் நாளேடு ஒன்றில் நான் கடமையாற்றிய காலத்தில், மரண அறிவித்தல்களை ஒப்புநோக்கும் பணியும் சில நாட்களில் என் மேசைக்கு வருவதுண்டு. 2004இல் அவ்வாறு வந்த ஓர் அறிவித்தல், எனக்கு நன்கு பழக்கமான பெரியவர் ஒருவருடையது. வடமராட்சியைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சி, வெள்ளவத்தை ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்டவர் என்றிருந்தது. பிள்ளைகளின் பெயர்கள் கனடா, இலண்டன், சுவிஸ் என நாடுகளோடு வரிசையாக இருந்தன. அவர் என்ன செய்து வாழ்ந்தார் என்று ஒரு சொல்லும் இல்லை.

வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்தின் அருகே அமர்ந்து மாலை வேளைகளில் அவர் எனக்குச் சொன்னவை பல. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கை இலகு காலாட்படையில் விரும்பிச் சேர்ந்தவர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது துறைமுகக் காவலில் நின்றவர். போருக்குப் பின் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் காட்டை வெட்டி வயலாக்கினார். அந்த நெல்லில்தான் ஐந்து பிள்ளைகளும் படித்தார்கள். 1996இல் கிளிநொச்சியைப் போர் சூழ்ந்தபோது, ஒரு பையுடன் வவுனியா வழியாகக் கொழும்பு வந்து சேர்ந்தார்.

"ஒரு காலத்திலை நானே சென்றி நிண்டவன் தம்பி. இப்ப சென்றியைக் கண்டால் அடையாள அட்டையைத் தேடுறன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

படைச்சேவை பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஆமி எண்டு போட்டால் சனம் என்ன நினைக்கும் அண்ணை? வேண்டாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அவரை நான் குறை கூறமாட்டேன். 1983க்குப் பின் அந்தச் சொல் எங்களுக்குத் தந்த பொருள் வேறு. ஆனால், 1955இல் இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியாகப் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. பின்னர் நடந்தவற்றின் வலியால் முன்னர் இருந்தவற்றையும் மறைத்தோமானால், இந்த நாட்டைக் காத்ததிலும் அதன் காட்டை வயலாக்கியதிலும் எங்களுக்கிருந்த பங்கின் சாட்சியத்தை நாங்களே அழித்தவர்களாவோம்.

உலகப் போரில் நின்ற அந்தத் தலைமுறை அநேகமாக மறைந்துவிட்டது. அடுத்த தலைமுறையினர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் மருந்து எடுத்தீர்களா என்று தவறாமல் விசாரிக்கிறார்கள். இருபது வயதில் என்ன செய்தீர்கள் என்றும் ஒருமுறை கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

அன்று அந்த மகனிடம் நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்.