சீனி இறங்கும்போது வாகனம் ஓட்டலாமா? நம் ஓட்டுநர்கள் பேசத் தயங்கும் ஆபத்து

இனிப்பு நீர் என்றாலே சீனி ஏறுவதைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேச்சு. ஆனால், வாகனம் ஓட்டுபவருக்கு உடனடி ஆபத்து சீனி திடீரென இறங்குவதில்தான் உள்ளது.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, இனிப்பு நீர் உள்ளது. இன வாரியாக இந்தியர்களிடையேதான் பாதிப்பு அதிகம். லாரி, தொழிற்சாலை பஸ், பள்ளி வேன் ஓட்டிக் குடும்பம் நடத்துவோரும் நம்மில் பலர். ஆகவே, இது நமக்கு நெருக்கமான விவகாரம்.

இரத்தத்தில் சீனியின் அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் அது தாழ்நிலை. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். மேலும் இறங்கினால் பார்வை மங்கும், குழப்பம் வரும், நினைவும் தப்பலாம். நிதானம் குறைவதால், "வீடு பக்கம்தானே, போய்விடலாம்" என்றே ஓட்டுநருக்குத் தோன்றும். பல ஆண்டுகளாக இந்நோய் உள்ள சிலருக்கு முன்னறிகுறியே தெரியாது.

இன்சுலின் போடுவோருக்கும் கிளிகிளாசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்போருக்கும் இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்போருக்கு மிகக் குறைவு.

சிக்கல் மருந்தில் மட்டுமல்ல, வேலை நேரத்திலும் இருக்கிறது. விடியற்காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புபவர், பசியாற நேரமின்றிச் சாலை நெரிசலிலும் சரக்கு ஏற்றும் இடத்திலும் மாட்டிக்கொள்கிறார். சாப்பாடு தள்ளிப் போகிறது. மருந்தோ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. விரத நாள்களிலும் இதே நிலைதான்.

இத்தகைய மருந்து எடுப்போர் வண்டி எடுக்குமுன் சீனியைச் சோதிப்பது நல்லது. அளவு 5க்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும்.

வழியில் தடுமாற்றம் தெரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைக்க வேண்டும். 3 தேக்கரண்டி சீனி கரைத்த நீரோ, சிறிய பெட்டிப் பழச்சாறோ உடனே குடிக்கலாம். சீனியில்லாப் பானம் உதவாது. சாக்லெட் மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மீண்டும் குடிக்க வேண்டும். அளவு சீரானதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட்டு, மேலும் 45 நிமிடம் கழித்தே ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

லாரி, பஸ் போன்ற தொழில்முறை உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால், ஒருநாள் பரிசோதனை, மற்ற நாள்களில் மதியம் மூன்று மணிக்குச் சீனி எவ்வளவு இருக்கும் என்பதைக் காட்டாது. அதை ஓட்டுநர்தான் சொல்ல வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயமே பலர் வாயை அடைக்கிறது.

மயக்கம் வந்ததை மருத்துவரிடம் சொன்னால், மருந்தின் வகையையோ அளவையோ நேரத்தையோ மாற்ற வழியுண்டு. மறைத்தால் அந்த வழியும் அடைபடும். முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. சாப்பிட 20 நிமிடம் வண்டியை நிறுத்தும் ஓட்டுநரைத் திட்டும் நிறுவனம், அந்த வண்டியில் போகும் பிள்ளைகளின் பாதுகாப்போடும் விளையாடுகிறது.