எது முதற்பதிப்பு?

பழந்தமிழ் நூல்களின் முதற்பதிப்புக்களைத் தேடி விலை பேசுவோர் எம்மவருள்ளும் உளர். அவ்வார்வத்தை நாம் குறைகூறோம். ஆயின், முதற்பதிப்பு எதுவென ஆராயாது பழுப்பேறிய தாளைக் கண்டமாத்திரத்தே மயங்குதல் தகாது.

சொல்லின் பொருளிலேயே மயக்கம் உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பரிமேலழகருரையோடு வெளியிட்ட திருக்குறள் 1861 ஆம் ஆண்டுக்குரியது. குறளோ 1812 இலேயே அச்சேறிவிட்டது. ஆகவே முன்னையதை நாவலர் பதிப்பின் முதலச்சு என்னலாமேயன்றிக் குறளின் முதலச்சு என்னலாகாது.

முகப்புத் தாளிலுள்ள வருடப் பெயரும் ஏமாற்றும். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சேனாவரையத்தைப் பதிப்பித்த 1868 விபவ வருடமாகும். அறுபதாண்டு கழித்து வந்த 1928 உம் விபவமே. ஆங்கில ஆண்டு இல்லாதவிடத்து அச்சுக்கூடத்தின் பெயரையும் ஊரையும் கொண்டே துணிதல் வேண்டும். முகவுரையின் கீழுள்ள திகதியை நம்புவோர் பலர். பிற்பதிப்புக்களிலும் பழைய முகவுரையை அதே திகதியோடு மீள அச்சிடுவதுண்டு என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

இவற்றினும் உறுதியான சான்று ஒன்று நூலின் இறுதியிலே கிடக்கும். அஃது விற்பனைக்குரிய புத்தகங்களின் விலைப்பட்டியல். 1885 இல் வெளிவந்த பொருளதிகாரத்தின் பிரதியொன்றிலே, 1887 இற் பதிப்பிக்கப்பட்ட கலித்தொகை விற்பனைக்குண்டு என்றிருப்பின், அப்பிரதி பிற்காலத்து அச்சு, அன்றேல் பின்னர்க் கட்டப்பட்டது எனத் தெளியலாம். எழுத்து வடிவமும் ஓரளவுக்கு உதவும். தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 இலாதலின், அங்கே பழைய வடிவில் அமைந்தவை பெரும்பாலும் அதற்கு முந்தியன. எனினும் நிழற்பட மறுஅச்சு பழைய வடிவத்தை அப்படியே காட்டும். ஈய எழுத்தால் அச்சிட்ட தாளின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்க்க; எழுத்தின் அழுத்தம் பெரும்பாலும் புலப்படும். நிழற்பட அச்சில் அஃதில்லை.

எம்மூரிற் புத்தகங்களைக் கெடுத்தது கறையான் மாத்திரமன்று. மேலட்டையையும் விலைப்பட்டியலையும் பிழைதிருத்தத்தையும் கழித்தெறிந்து அழகாகக் கட்டித் தந்த புத்தகங் கட்டுவோரும் அப்பணியிற் பங்குகொண்டோரே!

'பிற்பதிப்பே திருத்தமுடையது, முற்பதிப்பு எதற்கு?' எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. உ. வே. சாமிநாதையரவர்களின் சீவகசிந்தாமணி 1887 இல் வெளிவந்து, 1907 இலும் 1922 இலும் திருத்தமுற்றது. படிப்போனுக்குப் பிந்தியதே நன்று. நாமும் அதனையே மாணவர்க்குக் கொடுப்போம். ஆயின், எந்தப் பாடம் எப்போது மாறியது என ஆராய்வோனுக்கு மூன்றும் வேண்டும். ஏடுகள் பல அழிந்துவிட்டமையின், சில பாடங்கட்கு அச்சுப் புத்தகமே எஞ்சிய சாட்சி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரிடத்தில் ஒரு பிரதியை வைத்து அமைதிகொள்ளுதல் எத்தகையதென்பதை அதன்பின்னும் எமக்கு எவரும் உணர்த்தவேண்டுவதில்லை.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே கல்லூரி நூலகம் ஒரு பதிவேடு தொடங்குதல் வேண்டுமென்பது எம் கருத்து. பழைய மாணவர் தத்தம் வீட்டு நூல்களைக் கொடையாக அளிக்கவேண்டுவதில்லை; கொணர்ந்து காட்டினாற் போதும். முகப்பு, முகவுரை, பிழைதிருத்தம், விலைப்பட்டியல் ஆகிய தாள்களை மாணவர் படம்பிடித்து, அச்சுக்கூடமும் ஆண்டும் குறித்தபின், புத்தகம் அன்றே உரியவரிடம் திரும்பும். முகப்பிழந்த பிரதிகளையும் கொணர்க. பிறர் பிரதியோடு ஒப்பிட்டு அவற்றின் ஆண்டை அறிதல் கூடும்.