படம் போட்ட கைக்கு என்ன கூலி?



சென்ற மாதம் உலு திராமில் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்திலிருந்து வெளியேறி, கோத்தா திங்கி சாலையை ஒட்டிய தாமானில் குடியேறிய குடும்பம். பாட்டி முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தாயார் தொழிற்சாலைக்குப் போகிறவர். மகள் பாலிடெக்னிக்கில் வரைகலை படித்து முடித்தவள். வீட்டிலேயே ஒரு கணினியை வைத்துக்கொண்டு, கடைகளுக்குச் சின்னம் வரைந்து கொடுக்கிறாள். இணையத் தளமும் அமைத்துக் கொடுக்கிறாள்.

நான் போன நேரம் பிள்ளை முகம் வாடியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் கடைக்குச் சின்னம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நீ போடும்மா, பார்த்துக் கொடுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவளும் போட்டாள். நிறத்தை மாற்று என்றார், மாற்றினாள். எழுத்தை மாற்று என்றார், மாற்றினாள். ஒன்பது முறை மாற்றிய பிறகு, எண்பது வெள்ளியும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கைக்கு வந்தன.

"சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்கு எண்பது வெள்ளி வந்துச்சே, அது போதாதா?" என்றார் தாயார்.

மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி, "எத்தனை மணி நேரம் செஞ்சே?" என்று பேத்தியைக் கேட்டார்.

அவள் விரல் விட்டு எண்ணி, "இருபது மணி நேரம் இருக்கும் பாட்டி" என்றாள்.

"அப்போ மணிக்கு நாலு வெள்ளி. எங்களுக்கும் தோட்டத்துல கூலி கொறைச்சல்தான். ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரு ராத்தலுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுதான் மரத்துல கத்தி வைப்போம். நீ தெரியாமலே வெட்டியிருக்கியே!"

பள்ளிக்கூடம் போகாத பாட்டி சொன்ன அந்த வார்த்தைதான் இந்த இதழின் விஷயம். நம் பிள்ளைகள் பலர் இன்று இப்படிச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார்கள். கூலி இன்னதென்று தெரியாமலே கத்தி வைக்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் அது 1,700 வெள்ளி ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். மணிக் கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. கடையில் தட்டுக் கழுவுகிறவருக்கும் இதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. நம் பிள்ளைக்குக் கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை. ஆனால் கடைக்காரர் சட்டத்தை மீறினார் என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சச் சம்பளம், ஒரு முதலாளியிடம் வேலைக்கு இருப்பவருக்கு. தனியாக வேலை எடுத்துச் செய்பவருக்கு அந்தத் தரை கிடையாது. தன் தரையைத் தானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

"சரி, மணிக்கு ஒன்பது வெள்ளி கேட்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு முதலாளி சம்பளம் மட்டுமா கொடுக்கிறார்? ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு ஊழியர் சேமநிதியில் நூற்றுக்குப் பதின்மூன்று வெள்ளி முதலாளி பங்காகப் போடுகிறார். சொக்சோ கட்டுகிறார். ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறை, குறைந்தது எட்டு நாள் ஆண்டு விடுமுறை, பதினான்கு நாள் மருத்துவ விடுமுறை என்று வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் உண்டு. மேசை, கணினி, மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. தனியாக வேலை செய்யும் பிள்ளைக்கு இவை அத்தனையும் சொந்தக் கைக்காசு.

இன்னொன்றும் உண்டு. மழை கொட்டினால் பால்வெட்டு இல்லை. அந்த நாளின் கஷ்டம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினி வேலையிலும் அப்படி மழை நாட்கள் உண்டு. வாடிக்கையாளரைத் தேடும் நாள், பேசிப் பேசி வேலை கிடைக்காமல் போகும் நாள், பில் எழுதும் நேரம், புதிதாய் வந்ததைக் கற்கும் நேரம். இவற்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. காசு வரும் மணி நேரம்தான் காசு வராத மணி நேரத்தையும் சுமக்க வேண்டும்.

அன்று மாலை பாட்டியின் முன்னால் உட்கார்ந்து, நானும் அந்தப் பெண்ணும் ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு மாதம் 2,500 வெள்ளி கொண்டு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3,600 வெள்ளிக் கணினி மூன்று ஆண்டு உழைத்தால் மாதம் 100. இணையக் கட்டணம் 130. வரையும் மென்பொருள்களுக்கு 100. மின்சாரம், தொலைபேசி 70. ஆக, செலவு 400. சேமநிதி, சொக்சோ, நோய் நொடிக்கு ஒதுக்குவது 500. மொத்தம் 3,400 வெள்ளி.

இனி நேரம். மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 176 மணி. நான் சொன்ன மழை நேரத்தைக் கழித்தால், காசு வரும் நேரம் நூறு மணி இருந்தால் அதிகம். 3,400-ஐ நூறால் வகுத்தால், மணிக்கு 34 வெள்ளி.

ஒரு சின்னம் போட எவ்வளவு நேரம்? கடைக்காரரோடு பேச இரண்டு மணி, அதே தொழிலில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு மணி, காகிதத்தில் வரைந்து பார்க்க ஐந்து மணி, கணினியில் முடிக்க நான்கு மணி, இரண்டு முறை திருத்த நான்கு மணி, பலகைக்கும் அட்டைக்கும் இணையத்துக்கும் ஏற்றபடி கோப்புகளைத் தயாரிக்க ஒரு மணி. ஆகப் பதினெட்டு மணி. 34-ஆல் பெருக்கினால் 612 வெள்ளி. ஐந்து பக்க இணையத் தளத்துக்கு நாற்பது மணி என்றால் 1,360 வெள்ளி.

புதிதாய்த் தொடங்குகிறவர், "எனக்கு 1,700 வந்தால் போதும்" என்றால், செலவு 400, ஒதுக்குவது 400 சேர்த்து 2,500. மணிக்கு 25 வெள்ளி. சின்னத்துக்கு 450. அதற்கும் கீழே இறங்கினால், சொந்தக் காசைப் போட்டு அடுத்தவர் கடையை அலங்கரிக்கிறீர்கள் என்று பொருள்.

இது அரசாங்கம் போட்ட விலையல்ல. உங்கள் செலவு வேறாக இருக்கும். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இந்தத் தொழிலில் கணக்குப் பார்த்தால்தான் உழக்காவது மிஞ்சும்.

அமெரிக்காவில் 1971-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போர்ட்லேண்ட் பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவியிடம், பில் நைட் என்பவர் தம் காலணிக்கு ஒரு சின்னம் கேட்டார். மணிக்கு இரண்டு டாலர் என்று பேச்சு. பதினேழரை மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் கொடுத்து, 35 டாலர் வாங்கினார் அந்தப் பெண். அதுதான் இன்று உலகமே அறிந்த நைக்கி சின்னம். 1983-இல் நிறுவனம் அவரை அழைத்து, வைரம் பதித்த தங்க மோதிரமும் நிறுவனப் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தது.

இந்தக் கதையைச் சொல்லி, "குறைந்த காசுக்குச் செய், பின்னால் பெயர் வரும்" என்று பிள்ளைகளை ஏய்ப்பவர்கள் உண்டு. ஏமாறாதீர்கள். அந்த மாணவிக்கும் மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒரு கூலி பேசப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து நினைத்துப் பார்த்து மோதிரம் போடும் முதலாளி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

"ஐந்து டாலருக்கு இணையத்தில் வரைந்து கொடுக்கிறார்களே" என்று பேரம் பேசுவார்கள். 2010-இல் தொடங்கிய ஃபைவர் என்ற தளத்தின் பெயரே அந்த ஐந்து டாலரிலிருந்து வந்ததுதான். அங்கே வேலை செய்பவர் வாங்கும் ஒவ்வொரு நூறிலும் இருபது தளத்துக்குப் போகிறது. "கணினியே வரைந்து கொடுக்கிறது" என்றும் சொல்வார்கள். கொடுக்கட்டும். ஆனால் எல்லாருக்கும் பொதுவான அச்சிலிருந்து எடுத்த படம், அடுத்த தெருக் கடையிலும் தொங்கலாம். நம் கடை, நம் சரக்கு, நம் வாடிக்கையாளர் என்று கேட்டு அறிந்து வரைவது வேறு வேலை. அந்த வித்தியாசத்தைக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். பிறகும் ஐந்து டாலர்தான் என்பவரை வணங்கி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது காகிதம். "நம்ம ஆள்தானே, எதற்குக் காகிதம்?" என்பார்கள். நம்ம ஆளிடம்தான் முதலில் வேண்டும். பின்னால் மனத்தாங்கல் வராமல் இருக்கும். ஒரே பக்கம் போதும். என்ன வேலை, என்ன தொகை, எந்தத் தேதியில் முடியும், எத்தனை திருத்தம், அதற்கு மேல் திருத்தினால் எவ்வளவு, பணம் எந்த நாளில் வர வேண்டும். பாதித் தொகை முன்பணம். மீதி வந்த பிறகே முழுக் கோப்புகள். காகிதம் இல்லாவிட்டால் வாட்சாப்பில் எழுதி, "சம்மதம்" என்ற பதிலையாவது வாங்கி வையுங்கள்.

இதில் உரிமை பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லி நீங்கள் வரைந்து கொடுத்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், சொன்னவருக்கே போய்ச் சேரும். ஆகையால், "முழுத் தொகை செலுத்திய பிறகே உரிமை மாறும்" என்று எழுதி வையுங்கள்.

உலு திராமுக்குச் சிங்கப்பூர் தூரமில்லை. அங்கிருந்தும் வேலை வரும். அங்கே 2018-இல் அரசாங்கமும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து, தனியாக வேலை செய்பவரோடு ஒப்பந்தம் செய்வதற்கு ஒரு நெறிமுறை வகுத்தார்கள். வேலை, தொகை, பணம் தரும் நாள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எனவே எழுதிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நியூயார்க் நகரில் 2017-இலிருந்து இது சட்டமே ஆகிவிட்டது. 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும்.

பணம் தராமல் இழுத்தடித்தால்? ஐயாயிரம் வெள்ளி வரையான தொகைக்கு, நம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. காகிதமும் வாட்சாப் செய்திகளும் அங்கே சாட்சி பேசும். ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். சொக்சோவிலும் சொந்தமாக வேலை செய்பவருக்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு திட்டம் உண்டு. தகவல் தொழில்நுட்ப வேலையும் அதில் சேரும். பதிந்து வையுங்கள்.

கடைசியாக, பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எனக்கு நானே சொல்லிக்கொள்வதும்தான். நான் ஒரு கோயில் குழுவில் இருந்தவன். திருவிழா வந்தால் மேளக்காரருக்கு முன்பணம் கொடுப்போம். பூக்காரருக்குப் பாக்கி வைக்க மாட்டோம். பந்தல்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் பேசியபடி எண்ணிக் கொடுப்போம். அழைப்பிதழ் வரைந்த பையனுக்கு மட்டும், "சாமி காரியம் தம்பி, உனக்குப் புண்ணியம்" என்று சொல்லி அனுப்பினோம். அந்தப் பையன் மூன்று இரவு கண் விழித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. மேளக்காரரின் வியர்வை கண்ணுக்குத் தெரிந்தது. இவன் கண் சிவந்தது தெரியவில்லை. கொடை வேறு, கூலி வேறு. கொடையாகச் செய்ய நினைத்தால் அவனே வாய் திறந்து சொல்லட்டும். நாமாக முடிவு செய்வது கொடை ஆகாது.

தாய்மார்களே, வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "சும்மா இருக்கிறாள்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லாதீர்கள். வீட்டிலேயே மதிப்பில்லாத வேலைக்கு வெளியில் யார் மதிப்புக் கொடுப்பார்கள்? பேசும்போது கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

உலு திராம் பெண்ணிடமிருந்து போன வாரம் செய்தி வந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் சின்னம் கேட்டாராம். இவள் 450 என்று சொன்னபோது குரல் நடுங்கியதாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக் கொடு" என்றாராம். 225 வெள்ளி முன்பணத்தைப் பாட்டி கையில் கொடுத்தாளாம். பாட்டி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்போ கத்தி வை" என்றாராம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று இரவு கேளுங்கள்: எத்தனை மணி நேரம் வேலை செய்தாய், மணிக்கு எவ்வளவு வந்தது? பதில் தெரியாவிட்டால் பென்சிலையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.